நஞ்சுண்ட பெருமானும் நச்சுச் சோதனையும்



பிரதோஷ காலத்திலே நாம் சிவாலயத்தை அடைந்து, இடபதேவரின் இரு கொம்புகளுக்கு நடுவே சிவலிங்கப் பெருமானைத் தரிசித்து வணங்குகின்றோம். அவ்வழிபாட்டுக்கு மூலமாகிய சரிதத்தை அறியாதார் உங்களில் ஒருவரும் இலர். அமுதத்தை விரும்பிய தேவரும் அசுரரும் மந்தரமலையை மத்தாகவும் வாசுகியைக் கயிறாகவுங் கொண்டு பாற்கடலைக் கடைந்தார்கள். அமுதம் எழுதற்கு முன்னரே ஆலகால விடம் எழுந்தது. கயிற்றை வலித்து நின்றோர் எல்லாரும் அதனைக் கைநெகிழ விட்டோடிக் கைலாசபதியின் திருவடியில் விழுந்து ஓலமிட்டார்கள். பெருமான் அவ்விடத்தை வாங்கித் தாமே உண்டருளினார். அது திருமிடற்றிலே நின்றது. நீலகண்டர் என்னுந் திருநாமம் அதனால் விளங்கிற்று.

இச்சரிதத்தை எடுத்துப் பேசுவோர் பலரும் பெருமானது கருணையையும் ஆற்றலையுமே விரித்துரைப்பர். யாம் இன்று வேறொரு சிறு நுட்பத்தைச் சுட்ட விரும்புகின்றோம். பெருமானுடைய திருக்கரத்திலே மான் உண்டு. திருமேனியிலே பாம்புகள் உண்டு. அருகே இடபம் உண்டு. முன்னர் ஒருவருங் கண்டறியாத நஞ்சு ஒன்று வந்தபொழுது, "இதன் வேகம் எத்தகையது? முதலில் இம்மானின் வாயிலே ஒரு துளி விட்டுப் பார்ப்போம்" என்று அவர் திருவுளங் கொண்டாரல்லர். தம்மை அடைந்த உயிரைக்கொண்டு ஆலத்தை அளந்தாரல்லர்.

நம்முடைய காலத்திலோ ஆலகாலம் ஒன்றாய் வருவதில்லை, ஆயிரமாயிரமாய் வருகின்றது. நாம் தேய்த்துக் குளிக்குஞ் சவர்க்காரம், பல்விளக்கும் பசை, நரைக்குப் பூசும் மை, வயலிலே தெளிக்கும் பூச்சிகொல்லி, கண்ணோவுக்கு விடுஞ் சொட்டுமருந்து ஆகிய இவையெல்லாம் இரசாயனப் பொருள்களாலே ஆக்கப்படுவன. இவற்றுள் எது தீங்கு செய்யும், எது செய்யாது, எவ்வளவு கொண்டாற் செய்யும் என்பதை விற்பனைக்கு முன்னரே அறிந்தாக வேண்டும். அறியும் வழியாக நெடுங்காலம் வழங்கிவந்தது, அப்பொருளை முயல், எலி, சுண்டெலி, கினிப்பன்றி முதலிய உயிர்களின் உடம்பிலே இட்டுப் பார்த்தலேயாம். அவ்வழியை விட்டு வேறு வழி காணும் முயற்சி இப்பொழுது பல தேசங்களிலே வளர்ந்து வருகின்றது. அதனைக் குறித்தே இப்பிரசங்கத்தைச் செய்கின்றோம்.

"கோயிற் பிரசங்கத்துக்கு இது பொருளாமோ?" என்று சிலர் வினவலாம். ஆம் என்பதற்குக் காரணம் சொல்லுவாம். எம்மிடத்திலே இளமை முதற் கற்ற பெண்பிள்ளை ஒருத்தி, இப்பொழுது மருந்தாக்கக் கல்வி பயில்கின்றவள், விடுமுறைக்கு ஊர் வந்தபோது எம் வீட்டுக்கு வந்தாள். பிறந்தது தொட்டுப் புலால் உண்ணாத குடும்பத்தினள். "ஐயா, எங்களை எலியிலே பரீட்சை செய்யச் சொல்லுகிறார்கள். பரீட்சை முடிய அதைக் கொல்லவேணும். செய்யாவிட்டாற் புள்ளியில்லை. செய்தாற் பாவமோ?" என்று கேட்டாள். யாம் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சைவசமய பாடம் படிப்பிக்கின்றோம். கொல்லாமை என்னும் அதிகாரமும் புலான்மறுத்தல் என்னும் அதிகாரமும் திருக்குறளிலே தனித்தனி வைக்கப்பட்டமையின் காரணத்தை ஒரு மணிநேரம் நின்று விரித்துரைக்க வல்லோம். அப்பிள்ளைக்கோ உடனே விடை சொல்ல மாட்டாது திகைத்தோம்.

திகைப்புக்குக் காரணம் எமது பழைய நினைவு. யாம் கல்வி பயின்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. உயிரியற் பாடத்திற்குத் தவளை அறுக்கும் நாள் வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. நெற்றியிலே திருநீறு துலங்கத்தான் யாம் பாடசாலைக்குப் போனோம். குளோரோபோமினாலே மயங்கிக் கிடந்த தவளையை மெழுகுத் தட்டிலே மல்லாத்தி, நான்கு காலுக்கும் ஊசி குத்தி, வயிற்றைக் கீறினோம். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. படிப்பித்த ஆசிரியர் நல்லவர். "மனமில்லாவிட்டால் விட்டுவிடு, படத்தை மாத்திரம் வரை" என்றுஞ் சொன்னார். விடாதவர் யாமே. வகுப்பில் முதலாவதாக வரவேண்டும் என்னும் ஆசை எம் கையைப் பிடித்துச் செலுத்திற்று. அன்று மாலை கோயிலுக்குப் போய்த் தேவாரமும் பாடினோம். இதனை நாற்பது வருஷமாக எவருக்குஞ் சொன்னோமில்லை.

ஆதலின் அப்பிள்ளைக்கு எளிதாக "பாவம், செய்யாதே" என்று சொல்ல எமக்கு நாவெழவில்லை. "சிலநாட் பொறு, ஆராய்ந்து சொல்லுவோம்" என்று அனுப்பிவிட்டு, இச்சோதனைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்தவற்றுட் சிலவற்றை உங்களுக்குங் கூறுவாம்.

முதற்கண் ஒரு நீதி செய்தல் வேண்டும். முயலின் கண்ணிலே மருந்து விட்டவர்கள் கொடுமை செய்தலே நோக்கமாக அதனைச் செய்தார்களல்லர். 1930களிலே ஐக்கிய அமெரிக்காவில் இமைமயிருக்குத் தீட்டும் ஒரு மை விற்கப்பட்டது. அதிலிருந்த சாயத்தினாற் பெண்கள் சிலர் கண்ணொளி இழந்தனர். ஒருத்தி இறந்தும் போயினாள். 1937 இல், சல்பனிலமைட் என்னும் நல்ல மருந்தைப் பிள்ளைகள் குடிக்கத்தக்க இனிய பானமாக்க விரும்பிய ஒரு கம்பனியார், டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவத்திலே அதனைக் கரைத்து விற்றனர். சுவையையும் மணத்தையும் பார்த்தார்களேயன்றி நஞ்சோ என்று பார்த்தார்களில்லை. பார்க்க வேண்டும் என்று சட்டமும் அக்காலத்தில் இல்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருட் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டாகிய 1938 இலே, மருந்தை விற்குமுன் அதன் தீங்கின்மையைக் காட்டவேண்டும் என்னுஞ் சட்டம் அந்நாட்டிற் பிறந்தது. அக்குழந்தைகளைப் பெற்ற தாய்மாரின் கண்ணீரிலே பிறந்த சட்டம் அது. அதனை இகழ யாம் ஒருப்படோம்.

ஆயினும் அச்சட்டத்தின் பின்னே வந்தது யாது? 1944 இல் அந்நாட்டு அரசாங்க மருந்துப் பரிபாலனத்தைச் சேர்ந்த ஜோன் டிரெய்ஸ் என்பவரும் அவருடன் உழைத்தோரும் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். வெண்முயலின் கீழிமையைச் சற்றே இழுத்து, அங்கே சோதிக்கும் பொருளை இட்டு, இமையை மூடிப் பிடித்து விடுவர். மற்றக் கண்ணை ஒப்பிடுதற்பொருட்டு வெறுமனே விடுவர். ஒருநாள், இருநாள், மூன்றுநாட் கழித்துப் பார்த்து, சிவப்பு எவ்வளவு, வீக்கம் எவ்வளவு, கருவிழியின் மேலுள்ள பளிங்கனைய படலம் எவ்வளவு மங்கிற்று என்று புள்ளியிடுவர். முழுப்புள்ளி 110. புண் ஆறுமோ என்று அறிய மூன்று வாரம் வரையுங் காத்திருப்பதுண்டு. முன்னங்காலாற் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதபடி, கழுத்து மாத்திரம் வெளியே தோன்றும் பெட்டியிலே முயலை அடைத்து வைப்பதும் வழக்கமாயிருந்தது. முயலைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், அதன் கண் பெரிது, அது சாதுவானது, விலையுங் குறைவு. சாதுவாய் இருந்தமையே அதற்குக் குற்றமாயிற்று.

மற்றொன்று இதனினுங் கொடிது. 1927 இல் டிரெவன் என்னும் ஆங்கிலேயர், இன்சுலின் முதலாகச் சிறிது கூடினும் ஆளைக் கொல்லத்தக்க சில மருந்துகளின் வலியைச் செவ்வனே அளத்தற்கு ஒரு கணக்கு வகுத்தார். ஒரு கூட்டத்து விலங்குகளிற் சரிபாதி இறத்தற்கு வேண்டிய அளவு எவ்வளவோ அதுவே அம்மருந்தின் வலி என்பது அக்கணக்கு. அவர் சிற்சில மருந்துக்கு வகுத்ததைப் பின்வந்தோர் சவர்க்காரத்துக்கும் சாயத்துக்கும் எல்லாவற்றுக்குமாக நீட்டிக்கொண்டனர். சாகும்வரை எலிக்குச் சவர்க்காரத்தை ஊட்டி, எத்தனை எலி செத்தது என்று எண்ணுவது மனிதருக்கு என்ன பயன் தரும்? சவர்க்காரத்தைக் கலயங் கலயமாக உண்பார் எவர்? ஆயினும் பட்டியலிலே ஒரு கட்டம் இருந்தது, கட்டத்தை நிரப்பவேண்டியிருந்தது. அலுவலகக் கடதாசியின் பொருட்டு மடிந்த உயிர்கள் எத்துணையோ! சர்வதேச விதிகளிலிருந்து அந்தச் சோதனையின் பழைய வடிவம் நீக்கப்பட்டது 2002 இலேதான். அதற்கு ஈடாக வந்தவையும் விலங்கை முற்ற விட்டனவல்ல. தொகையைக் குறைத்தன, அவ்வளவே.

இனி நமது சித்தாந்தத்தை நோக்குவாம். ஆன்மாக்கள் எண்ணிறந்தன, அநாதியாயுள்ளன, படைக்கப்பட்டனவல்ல. பசு என்னும் பெயர் நமக்கும் முயலுக்கும் ஒரு தன்மைத்து. வினைக்கீடாக எடுத்த உடம்பிலே வேற்றுமையுண்டேயன்றி உயிரின் இயல்பிலே வேற்றுமையில்லை. இன்று எலியாய் நிற்பது நேற்று மனிதனாய் நின்றிருக்கவுங் கூடும். நாளை நாம் எவ்வுடம்பிற் புகுவோம் என்பதற்குப் பத்திரம் எழுதித் தந்தார் எவருமிலர். "மனிதன் உயர்ந்தவன்; ஆதலால் தாழ்ந்ததை அவன் பயன்படுத்தலாம்" என்று கூறுவாரை நோக்கி, உயர்ச்சியினாலே பெறுவது உரிமையோ கடமையோ என்று யாம் கேட்போம். மதுரையிலே தாய்ப்பன்றியை இழந்து பசியாற் கதறிய பன்னிரண்டு பன்றிக்குட்டிகளுக்குச் சோமசுந்தரப் பெருமான் தாமே தாய்ப்பன்றியாய் வந்து பாலூட்டினார் என்று திருவிளையாடற் புராணம் படிக்கக் கேட்டிருக்கின்றோம். உயர்ந்த பொருள் செய்தது அது.

கொலைப்பாவம் தான் கொல்லுதல், பிறரைக்கொண்டு கொல்வித்தல், கொன்றதற்கு உடன்படுதல் என மூவகைப்படும் என்று நம் பெரியோர் வகுத்தனர். இறைச்சிக்கடையிலே வாங்குபவன் வெட்டுபவனுக்குக் கூலி கொடுப்பவனே என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லுகின்றோம். அந்த நியாயம் சவர்க்காரக் கடையின் வாயிலில் வந்து நின்றுவிடுமோ? நின்றுவிடாது. மரக்கறி உணவு உண்டு, தீட்சை பெற்று, சந்தியாவந்தனம் பண்ணுகின்ற யாம், நரைக்குப் பூசுகின்ற மையினாலே ஒரு முயலின் கண்ணவிந்த கூலியைக் கொடுத்தவராய் இருந்திருப்போம். யாம் அதனை அறியோம். அறியாமை பாவத்தைக் குறைக்குமேயன்றி அறிந்த பின்னும் அறியாதவர்போல் இருத்தற்கு இடந்தராது.

ஈண்டு ஒரு தடை நிகழும். "குழந்தை குடிக்கும் மருந்தைச் சோதியாமல் விடலாமோ? எலி வாழக் குழந்தை சாகலாமோ?" என்பது. இத்தடை வலிது. இதனைப் புறக்கணித்துச் சீவகாருணியம் பேசுவோர் குழந்தையைப் பெற்றறியாதவர் என்றே யாம் கருதுவோம். எம் மகனுக்குச் சிறுபிராயத்திலே கடுஞ்சுரங் கண்டபொழுது, ஆசுபத்திரியிலே ஏற்றிய மருந்து எந்த விலங்கிற் சோதிக்கப்பட்டது என்று யாம் வினாவினோமில்லை. ஏற்றுங்கள், விரைவாக ஏற்றுங்கள் என்றே மன்றாடினோம். இன்றும் அவ்வாறே செய்வோம். ஆதலினாலே சோதனை வேண்டுமோ வேண்டாவோ என்பதன்று கேள்வி. யாருடைய உடம்பிலே என்பதே கேள்வி.

இதற்கு விடையை யாம் கண்ணப்ப நாயனார் சரிதத்திலே கண்டோம். அவர் வேடர், புலாலைப் படைத்தவர், கொல்லாமைக்கு அவரை எடுத்துக் காட்டுவது பொருந்துமோ என்று நீங்கள் முறுவலிப்பீர்கள். அதனாலேயே எடுத்துக் காட்டுகின்றோம். காளத்தியப்பரின் வலக்கண்ணிலே உதிரம் பெருகக் கண்ட திண்ணனார் பதைபதைத்து, முதலிலே தீங்கு செய்தவர் உளரோ என்று காடெங்குந் தேடினார். பின்பு பச்சிலை மருந்துகளைத் தேடிக் கொணர்ந்து பிழிந்தார். உதிரம் நிற்கவில்லை. ஊனுக்கு வந்த நோயை ஊனே தீர்க்கும் என்பது அப்பொழுது அவருக்கு நினைவு வந்தது. அன்பர்காள்! இவ்விடத்திலே நின்று சிந்தியுங்கள். அவர் கையிலே வில் இருக்கின்றது, அம்பு இருக்கின்றது. காடு முழுவதும் மானும் பன்றியுமாய் நிறைந்திருக்கின்றன. அன்று காலையிலும் வேட்டையாடியவர் அவர். ஒரு மானின் கண்ணைப் பெயர்த்து வந்து அப்பிப் பார்ப்போம் என்னும் எண்ணம் வேடனுக்கன்றோ முதலிலே தோன்றவேண்டும்? தோன்றவில்லை. அம்பைத் தம் கண்ணுக்கே திருப்பினார். உண்பதற்கு விலங்கைக் கொன்ற கை, அன்பு முதிர்ந்த இடத்திலே தன் ஊனையே நாடிற்று.

இற்றைநாட் சோதனை முறைகளைப் படித்துவருகையில் இச்சரிதமே எமக்கு மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. ஏனெனில் அவற்றுட் சிறந்தவை மனித ஊனுக்கு மனித ஊனையே நாடியவை. அதுவும் எவரையும் நோவச் செய்யாது நாடியவை. தோலைச் சோதிக்கும் முறையைக் கேளுங்கள். சத்திரசிகிச்சையிலே அகற்றப்பட்டு, உரியவர் உடன்பட்டுக் கொடுத்த மனிதத் தோலிலிருந்து கலங்களை எடுத்து, போஷணைத் திரவத்திலே வளர்ப்பர். பின்பு கீழே திரவமும் மேலே காற்றும் படும்படி வைக்க, அக்கலங்கள் தாமே அடுக்கடுக்காய் அமைந்து, மேலே தடித்த படையோடு கூடிய சிறுதோலாய் வளர்ந்துவிடும். அகலம் ஒரு நாணயத்தினும் சிறிது. அதன்மேற் சோதிக்கும் பொருளை இட்டு, குறித்த நேரத்திலே கழுவி, ஒரு மஞ்சட் சாயத்தை ஊட்டுவர். உயிரோடிருக்குங் கலம் அச்சாயத்தை ஊதா நிறமாக மாற்றும். இறந்த கலம் மாற்றாது. நிறத்தை அளந்தால் எத்தனை பங்கு பிழைத்தது என்று தெரிந்துவிடும். பாதிக்குமேற் பிழைத்திருப்பின் அப்பொருள் தோலை உறுத்தாதது என்று கொள்ளுவர். தோலை அரித்துத் தின்னும் பொருளை அறிதற்கு இம்முறையைப் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 2004 இலும், உறுத்தும் பொருளை அறிதற்கு 2010 இலும் விதியாக ஏற்றுக்கொண்டது. கண்ணின் மேற்படலம் போன்ற மனிதக் கலப்படலத்தை 2015 இல் ஏற்றது. ஒன்றுக்கொன்று துணையாகச் சில சோதனைகளைச் சேர்த்து, விலங்கின்றியே தோலொவ்வாமையை அறியும் விதி 2021 இலே வந்தது.

இவை ஒருநாளில் வந்தனவல்ல. 1959 இல் இங்கிலாந்திலே ரசல், பர்ச் என்னும் இருவர் ஒரு நூல் எழுதினர். விலங்குக்கு ஈடாக வேறொன்றைக் கொள்ளுதல், இயலாவிடத்துத் தொகையைக் குறைத்தல், அதுவும் இயலாவிடத்து நோவைத் தணித்தல் என்னும் மூன்று நெறியை அதில் வகுத்தனர். இருபது வருஷம் அந்நூலைப் பெரும்பாலார் பொருட்படுத்தவில்லை. பின்பு நியூயோர்க்கிலே ஹென்றி ஸ்பைரா என்பவர் தோன்றினார். அவர் கப்பற்றொழிலாளியாய் இருந்து, பின் பள்ளிக்கூட ஆசிரியர் ஆனவர். எம் இனத்தவர் என்று பெருமை கொள்ளுகின்றோம். 1980 இல் அவரும் அவர் கூட்டத்தாரும் ஒரு முழுப்பக்க விளம்பரத்திலே, அழகின்பொருட்டு எத்தனை முயலைக் குருடாக்குகின்றீர் என்னுங் கருத்துப்பட ரெவ்லன் என்னும் பெரிய அழகுப்பொருட் கம்பனியாரை வினாவினர். வைது ஒதுங்கவில்லை, மாற்றுவழி தேடப் பணங் கொடுங்கள் என்று கேட்டனர். கம்பனியார் 750,000 டொலரை ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தனர். 1981 இலே ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு நிலையம் ஏற்பட்டது. சினத்தை முயற்சியாக மாற்றத் தெரிந்த ஆசிரியர் அவர்.

இதற்கு முன்பே 1970களில், புரூஸ் ஏம்ஸ் என்பவர், ஒரு பொருள் பரம்பரையலகைச் சிதைக்குமோ என்று பற்றீரியாவைக்கொண்டு அறியும் முறையைக் கண்டார். இரண்டொரு நாளில் முடிவு தெரியும், செலவுஞ் சிறிது. பிள்ளைகளின் இரவு உடையிலே நெருப்புப் பற்றாதிருக்கத் தோய்த்த ஓர் இரசாயனம் தீயது என்று இம்முறை காட்ட, 1977 இல் அமெரிக்காவில் அது தடுக்கப்பட்டது. ஆயின் இப்பரீட்சையிலும் எலியின் ஈரற்சாறு சேர்ப்பதுண்டு என்பதை மறைக்க மாட்டோம்.

மறைக்கலாகாத மற்றொரு கதையும் உண்டு. நாளத்தில் ஏற்றும் மருந்திலே பற்றீரியாவின் நச்சுக் கலந்திருப்பிற் சுரங் காணும். அதை அறிய முன்னாளில் முயலின் காதுநாளத்திலே மருந்தை ஏற்றி, உடற்சூட்டை அளப்பர். அமெரிக்கக் கடற்கரையிலே குதிரைலாட நண்டு என்று ஓருயிர் உண்டு. அதன் இரத்தம் நீலம். பற்றீரிய நச்சுப் பட்டால் அவ்விரத்தம் உறைந்துவிடும் என்று பாங், லெவின் என்னும் இரு மருத்துவர் கண்டனர். 1977 இல் அமெரிக்க அரசு அவ்விரத்தச்சாற்றைச் சோதனைக்கு ஏற்றது. முயல்கள் விடுபட்டன. நண்டுகள் அகப்பட்டன! அவற்றைப் பிடித்து, இரத்தத்தில் ஒரு பங்கை வடித்து, மீண்டுங் கடலில் விடுவர். விட்டவற்றுள் ஒரு பகுதி இறந்துபோகும். நீலமிடற்றார் தாம் நஞ்சுண்டு பிறரைக் காத்தார். ஈண்டு நீல இரத்தத்தை உயிர்கள் கொடுக்க நாம் காக்கப்பட்டோம். பின்னர்ச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலே டிங் ஜீக் லிங், ஹோ பௌ என்னும் இருவர், அந்த நண்டின் உறைவிக்கும் புரதத்துக்குரிய பரம்பரையலகை எடுத்து, ஆய்வுகூடத்துக் கலங்களிலே அப்புரதத்தை ஆக்கினர். நண்டு வேண்டாதாயிற்று. ஐரோப்பிய மருந்து நூல் 2021 முதல் இதனை ஏற்றிருக்கின்றது. முதலாவது வாயில் திறந்து நாற்பத்துநான்கு வருஷத்தின் பின்பே இரண்டாவது வாயில் திறந்தது.

"விலங்கிற் சோதித்தலே உறுதியன்றோ?" என்பாருக்கு ஒருவார்த்தை. 1957 முதல் 1961 இறுதிவரை விற்கப்பட்ட தலிடோமைட் என்னும் மருந்தினாலே பதினாயிரம் அளவான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தனர். பின்பு ஆராய்ந்தபோது, எலிக்கும் சுண்டெலிக்கும் அது அத்தகைய தீங்கை எளிதிலே செய்யாது என்றும், சிலவகை முயலுக்குஞ் செய்யும் என்றும் தெரிந்தது. டிரெய்ஸின் முயற்கண் சோதனையும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறு வேறு முடிவு தந்தது என்பதை 1971 இலேயே இருபதுக்கு மேற்பட்ட ஆய்வுகூடங்களிற் செய்த ஒப்பீடு காட்டிற்று. எலி ஒரு சிறிய மனிதன் அன்று.

சட்டங்களும் மெல்ல மாறின. அழகுப்பொருட் சோதனையை இங்கிலாந்து 1998 இலே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2004 இல் ஆக்கிமுடிந்த பொருளின் சோதனையையும், 2009 இல் அதன் கூறுகளின் சோதனையையும் தடுத்து, 2013 மார்ச் 11 முதல் அவ்வாறு சோதித்த பொருள்களின் விற்பனையையும் விலக்கியது. இந்தியா 2014 இலே சோதனையையும் இறக்குமதியையும் தடுத்தது. 1938 தொடக்கம் புதுமருந்துக்கு விலங்குச் சோதனையைக் கேட்டுவந்த அமெரிக்கச் சட்டம், வேறு முறைகளும் போதும் என்று 2022 டிசெம்பரிலே திருத்தப்பட்டது. இவற்றைச் செய்வித்தோருட் பெரும்பாலார் சைவரல்லர். மறுபிறப்பை நம்பாதவர் பலர். உயிரெல்லாம் ஒன்றென்று ஓதிவந்த நாம் இம்முயற்சிக்கு எத்தனை சதங் கொடுத்தோம், எத்தனை கடிதம் எழுதினோம் என்று எண்ணியபோது எமக்கு நாணம் உண்டாயிற்று.

இனி, வழி முழுதுந் திறந்துவிட்டது என்று நினையற்க. தோலுக்கும் கண்ணுக்கும் மாற்று உண்டு. ஒரு பொருளைப் பல்லாண்டு சிறிது சிறிதாக உண்டால் ஈரலுக்கும் மூளைக்கும் யாது நேரும், கருவிலுள்ள சிசுவுக்கு யாது நேரும் என்பவற்றுக்குப் போதிய மாற்று இன்னும் அமையவில்லை. கண்ணாடித் தட்டிலுள்ள கலத்துக்கு ஈரலும் இல்லை, இரத்தவோட்டமும் இல்லை. 2010 இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தார் மனித நுரையீரற் கலங்களைச் சிறு பளிங்குத் துண்டனைய கருவியிலே வைத்து, மூச்சுப்போல் விரிந்து சுருங்கச் செய்தனர். பல உறுப்புக்களை இவ்வாறு அமைத்து இணைக்கும் முயற்சி நடந்துவருகின்றது. ஒத்த அமைப்புடைய பழைய பொருள்களின் குணத்தைக்கொண்டு புதியதன் குணத்தைக் கணினியாற் கணித்தலும் நடக்கின்றது. ஆயினும் இன்று விலங்குச் சோதனையை அடியோடு நிறுத்தினாற் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை என்று சத்தியஞ் செய்ய எம்மால் இயலாது.

இவ்வளவையும் ஆராய்ந்த பின்பு அப்பிள்ளைக்கு யாம் எழுதிய விடை இது: "பிள்ளை, பாவமோ என்று கேட்டாய். ஆம், பாவமே. முன்னரே முடிவு தெரிந்த ஒன்றை மாணவருக்குக் காட்டுதற்பொருட்டு எலியைக் கொல்லுதல் எவரையுங் காப்பதன்று. அதனைச் செய்யமாட்டேன் என்று பணிவாகச் சொல். வேறு பரீட்சை தரும்படி கேள். புள்ளி குறைந்தாற் குறையட்டும். ஆனாற் கல்வியை விட்டுவிடாதே. இரக்கமுள்ளவர் எல்லாரும் ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறினால் உள்ளே நிற்பவர் யார்? மாற்றுவழி காணுங் கல்வியைக் கல்." தவளையின் கதையையும் அக்கடிதத்திலேதான் முதன்முதலாக எழுதினோம்.

அவள் கேட்டாள். விரிவுரையாளர் வைதாரல்லர், கலம் வளர்க்கும் பகுதியிலே அவளுக்கு வேலை கொடுத்தார். யாம் மகிழ்ந்திருந்தோம். சென்ற மாதம் இரண்டாவது கடிதம் வந்தது. மனிதக் கலங்கள் வளரும்படி ஊட்டுந் திரவத்திலே ஒரு நிணநீர் சேர்க்கின்றார்களாம். அது, கொல்களத்திலே வெட்டப்பட்ட சினைப்பசுவின் வயிற்றிலிருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பதாம். கன்றின் நிணநீரின்றிக் கலம் வளர்க்குந் திரவங்களும் உண்டு; விலை அதிகம், எல்லாக் கலத்துக்கும் ஒத்துவருவதுமில்லை. "ஐயா, எலியைக் கொல்லமாட்டேன் என்று வந்தேன். இங்கே பசுவின் கன்று. தொடர்ந்து செய்யட்டோ, விடட்டோ?" என்று கேட்டிருக்கின்றாள்.

ஒரு கன்றின்பொருட்டுத் தன் மைந்தன்மேலே தேரைச் செலுத்திய மனுநீதிச் சோழர் வரலாற்றை அவளுக்குப் படிப்பித்தவர் யாமே. விலை கூடிய அத்திரவத்தை வாங்க ஆய்வுகூடத்துக்கு என்ன செல்லும் என்று அவளையே விசாரித்து எழுதச் சொல்லியிருக்கின்றோம். தொகை தெரிந்ததும் இச்சபையாரிடத்திலே அதனை அறிவிப்போம். அவள் கேட்ட கேள்விக்கு விடையை இன்னும் எழுதினோமில்லை.